நகரத்தின் வரைபடத்தில் நம் பிள்ளைகள்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடந்த குடும்ப நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பொன்விழாவில் ஏதாவது பேசுங்கள் என்று கேட்டபோது, சங்கத்தின் பழைய கதைகளைப் பேசுவேன் என்றுதான் ஏற்பாட்டாளர்கள் நினைத்திருப்பார்கள். என் வயதில் இருப்பவனிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? ஆனால் பழைய கதை பேச இங்கே என்னைவிட நன்றாக ஞாபகம் உள்ளவர்கள் நான்கு பேர் முன்வரிசையில் இருக்கிறார்கள். நான் தப்பாகச் சொன்னால் எழுந்து நின்று திருத்துவார்கள். அதனால் எனக்குத் தெரிந்த தொழிலைப் பற்றிப் பேசுகிறேன். நில அளவையாளர் ஒருவரின் அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வரைபட மேசையில் குனிந்து வேலை பார்த்தவன் நான். எனக்குக் கொஞ்சம் தெரிந்தது வரைபடம் ஒன்றுதான்.

1786இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கினார். காட்டை வெட்டி நகரம் அமைத்தபோது முதலில் வகுத்த தெருக்கள் ஒரு சதுரம் மாதிரி இருந்தன. வடக்கே லைட் தெரு, கிழக்கே கடலோரமாகப் பீச் தெரு, மேற்கே பிட் தெரு, தெற்கே சூலியா தெரு. தொடக்கத்தில் அதற்கு மலபார் தெரு என்று பெயர். நகரத்தின் முதல் வரைபடத்தில் இருந்த நான்கு எல்லைக் கோடுகளில் ஒன்றுக்கு நம் முன்னோர்களின் பெயர் இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? பிட் தெருவுக்கு இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் என்று பெயர். ஆக, நான்கில் இரண்டு கோடுகள் நம்முடையவை.

1801இல் காதர் மொய்தீன் அவர்கள் காலத்தில் பள்ளிவாசலுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 18 ஏக்கர் நிலம் கொடுத்தது. அந்த நிலத்தில் பள்ளிவாசல் மட்டும் இல்லை. சுற்றிலும் வீடுகள், கடைகள், அடக்கத்தலம், கப்பலில் வந்து இறங்கியவன் நான்கு நாள் தங்க இடம் எல்லாம் இருந்தன. நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை, பிறகு இராமநாதபுரம், கடையநல்லூர் என்று வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்ட வழி பள்ளிவாசலுக்கான வழிதான்.

1905இல் ஒரு சட்டம் வந்தது. வக்ஃபு நிலங்களையும் கோயில் சொத்துகளையும் நிர்வகிக்க ஓர் அறக்கட்டளை வாரியம் அமைந்தது. அந்த வாரியத்தின் காலத்தில்தான் பள்ளிவாசலைச் சுற்றி நெருக்கமாக இருந்த குடியிருப்புகள் அப்புறப்படுத்தப்பட்டன, பக்கிங்ஹாம் தெரு போன்ற புதுத் தெருக்கள் போடப்பட்டன. இதில் நல்லதும் உண்டு. சாக்கடை சீரானது, பள்ளிவாசல் பெரிதாகக் கட்டப்பட்டது, இன்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் அந்தக் கம்பீரம் அப்போது வந்ததுதான். ஆனால் அங்கே குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள்? அவர்கள் சொன்ன சொல்லை யாராவது எழுதி வைத்திருப்பார்களா? இந்த வரலாற்றை நமக்கு ஆய்ந்து எழுதித் தந்தவர் கூ சல்மா நசுத்தியோன் அவர்கள். பினாங்குச் சூலியாக்களைப் பற்றிய அவருடைய பெரிய புத்தகம் 2014இல் வந்தது. நம் வீட்டு அலமாரியில் அது இல்லாவிட்டால் இந்தப் பொன்விழா ஆண்டிலாவது ஒன்று வாங்கி வையுங்கள். படம் பார்க்கவாவது பிள்ளைகள் எடுப்பார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் வளர்ந்தது சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில். கீழே ஒரு தையற்காரர், மேலே நாங்கள் இரண்டு குடும்பம். சுபுஹு பாங்கு காதில் விழுந்து எழுந்தவன். பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம், மதரசா இன்னும் கிட்ட, சௌராஸ்தா சந்தைக்கு உம்மா அனுப்பினால் ஓடிப் போய் வந்துவிடுவேன். இந்த வாழ்க்கைக்கு அடியில் ஒரு சட்டம் இருந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று பெயர். 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. 1997இல் அதை நீக்கச் சட்டம் நிறைவேறியது. 1999 டிசம்பரோடு முடிந்தது. 2000 ஜனவரியில் வீட்டுச் சொந்தக்காரர் சொன்ன வாடகையைக் கேட்டு அத்தா பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த வருடமே பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடிக்குப் போனோம். கீழே இருந்த தையற்காரர் ஆயர் ஈத்தாமுக்குப் போனார். எதிர் வீட்டுக்காரர்கள் கடல் தாண்டி பட்டர்வொர்த்துக்கே போய்விட்டார்கள். சொந்தக்காரரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அத்தனை வருடம் அவருக்குக் கிடைத்த வாடகையில் கூரை ஓடு மாற்றக்கூட முடிந்திருக்காது.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு இதே கதைதான், ஊர்ப் பெயர் மட்டும் மாறும்.

2008 ஜூலை 7ஆம் தேதி ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அதற்காகப் பினாங்கில் அந்த நாள் விடுமுறை. பிள்ளைகளுக்கு அந்த விடுமுறை நன்றாகத் தெரியும், காரணம் தெரியுமோ என்னவோ. பழைய கட்டடங்களுக்காக மட்டும் அந்தப் பெருமை கிடைக்கவில்லை. பல இன மக்கள் அங்கே வாழ்ந்து, தொழில் செய்து, தொழுது, விழா கொண்டாடி வருகிறார்கள் என்பதும் சேர்ந்துதான் கிடைத்தது. ஆனால் அந்தப் பாரம்பரியப் பகுதியில் குடியிருந்தோர் 2009இல் எடுத்த கணக்கில் 10,159 பேர், 2013இல் 9,425 பேர். நான்கே வருடத்தில் எழுநூறு பேருக்கு மேல் குறைந்திருக்கிறார்கள். விடுதிகள் வந்தன, காப்பிக் கடைகள் வந்தன, வீடுகள் குறைந்தன. 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரேவிச் ஆர்மேனியன் தெருச் சுவரில் இரண்டு பிள்ளைகள் சைக்கிளில் போகிற மாதிரி ஓவியம் வரைந்தார். இன்றைக்கும் அதன் முன்னால் வரிசை நிற்கிறது. அழகான ஓவியம்தான், நானும் பேத்தியோடு நின்று படம் எடுத்திருக்கிறேன். அந்தத் தெருவில் உண்மையில் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள் எத்தனை பேர் மிச்சம் என்று அன்று எண்ணிப் பார்த்தேன். எண்ண விரல்கள் அதிகமாகவே இருந்தன.

சரி, நகரம் எப்படி மாற வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? இதில் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. 1951இல் மலாயாவிலேயே முதலாவதாக நகராண்மைத் தேர்தல் நடந்தது இந்த ஜார்ஜ்டவுனில். 1957 ஜனவரி 1ஆம் தேதி, நாடு விடுதலை அடைவதற்கு முன்பே, ஜார்ஜ்டவுன் மாநகரமானது. ஆனால் 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன, 1976இல் வந்த உள்ளாட்சிச் சட்டத்தோடு அவை இல்லாமலே போயின. 2012இல் பினாங்குச் சட்டமன்றம் அதைத் திரும்பக் கொண்டுவரச் சட்டம் இயற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே மாநகர் மன்ற உறுப்பினர்கள் இன்றும் நியமனம்தான்.

நம் பிள்ளைகளுக்கு 18 வயதில் வாக்கு கிடைத்துவிட்டது. 2019இல் அரசியலமைப்பைத் திருத்தினார்கள், 2021 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது, 2022 நவம்பர் பொதுத் தேர்தலில் என் பேரன் ஒருவன் பெருமையாக விரலில் மை காட்டினான். நாடாளுமன்றத்துக்கு யார் போக வேண்டும் என்று அவன் சொல்லலாம். அவன் நடக்கிற தெருவில் விளக்கு எங்கே வேண்டும் என்று சொல்ல அவனுக்கு வாக்கு இல்லை. எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

ஆனால் கதவு முழுவதும் சாத்தப்படவில்லை. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, அமைப்புத் திட்டம், உள்ளூர்த் திட்டம் எதுவானாலும் முதலில் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்தும் ஆட்சேபமும் கேட்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. பாரம்பரியப் பகுதிக்கென்றே சிறப்புப் பகுதித் திட்டம் ஒன்று 2016இல் அரசிதழில் வெளியானது. எந்தக் கட்டடம் முதல் வகை, எது இரண்டாம் வகை, எதை இடிக்கக்கூடாது, பெயர்ப்பலகை எப்படி இருக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் மாமா கடையின் பலகையைப் பற்றி ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நீங்கள் படித்தீர்களா? நான் தொழில் காரணமாகப் படித்தேன். இல்லாவிட்டால் நானும் படித்திருக்க மாட்டேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்ல வேண்டும்.

சில காலத்துக்கு முன், நகர மையத்தின் தெருச் சீரமைப்பைப் பற்றிக் கருத்துக் கேட்கிற கூட்டம் ஒன்று நடந்தது. நம் சங்கத்தின் சார்பில் ஐந்து பேர் போனோம். ஐந்து பேரின் வயதையும் கூட்டினால் முந்நூற்று ஐம்பதைத் தாண்டும். ஜும்ஆவுக்கு வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சொன்னோம். அதிகாரி பொறுமையாக ஐந்து தடவையும் எழுதிக்கொண்டார். என் கண் பார்வைக்கு இரவில் வண்டி ஓட்ட முடியாது என்பதால் என் பேத்தி என்னோடு வந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். பின்னால் உட்கார்ந்திருந்தவள், கடைசியில் வேறு யாராவது பேச வேண்டுமா என்று கேட்டதும் கையைத் தூக்கிவிட்டாள்.

அவள் கேட்டது இதுதான்: "என் நன்னிக்கு நடக்க முடியாது. சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலிலிருந்து நாகூர் தர்கா வரைக்கும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அஞ்சடியில் எந்தப் பக்கமாகப் போவது?"

மண்டபம் கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. அஞ்சடி என்பது நடப்பதற்காகப் போட்டது. ஆனால் ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் தரை ஒரே மட்டத்தில் இல்லை, நடுவில் படி. படி இல்லாத இடத்தில் மோட்டார் சைக்கிள், அது இல்லாத இடத்தில் மேசை நாற்காலி, மூட்டை, அரிசிச் சாக்கு. நாற்காலியைத் தெருவில் இறக்கி, பேருந்துக்கும் வேனுக்கும் நடுவில்தான் தள்ள வேண்டும். இத்தனைக்கும் அந்த நன்னி என் மனைவி! வாரம் தவறாமல் அந்த நாற்காலியைத் தள்ளுகிறவன் நான். எனக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை. வண்டி நிறுத்துமிடம்தான் தோன்றியது. அதிகாரி அவளிடம் இரண்டு மூன்று கேள்வி திருப்பிக் கேட்டு, நிறைய எழுதிக்கொண்டார். எங்கள் ஐந்து பேரிடமும் அவர் எதுவும் திருப்பிக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவளும் நம் சங்கப் பிள்ளைகள் நான்கு பேரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சூலியா தெரு வட்டாரத்தில் நடந்தார்கள். தெருக்களைப் பெரிய தாளில் நான் வரைந்து கொடுத்தேன். சக்கர நாற்காலி போகிற இடத்துக்கு நீலம், தெருவில் இறங்க வேண்டிய இடத்துக்குச் சிவப்பு. காசு கொடுத்து எதுவும் வாங்காமல் உட்காரக்கூடிய இடத்துக்குப் பச்சை. இந்தப் பச்சை அவர்களே சேர்த்தது. நமக்கு அது தேவைப்பட்டதே இல்லை, நாம் கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடிப்போம். பையில் இரண்டு வெள்ளியோடு இருக்கிற மாணவன் எங்கே உட்காருவான்? பள்ளிவாசல் வளாகத்தையும் இன்னும் ஓரிரண்டு இடத்தையும் விட்டால் அந்தத் தாளில் பச்சை அதிகம் இல்லை. ஒரு பையன் இலவச இணைய வசதி கிடைக்கிற இடத்துக்கெல்லாம் நட்சத்திரம் போட்டு வைத்திருந்தான். அதையும் அழிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நான்காவதாக ஒரு கறுப்பு நிறமும் இருந்தது. நான் கேட்கவில்லை, அவளும் கூட வந்த இன்னொரு பெண்ணும் தாங்களாகப் போட்டது. மஃரிபுக்குப் பிறகு தனியாக நடக்கப் பயமாக இருக்கிற இடங்கள். அதில் ஒன்று, நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நடந்து வருகிற பின்சந்து. எனக்கு அது உலகத்திலேயே பத்திரமான இடம். விளக்கு இல்லை என்று ஒரு நாள்கூட நான் கவனித்ததில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

இது ஏதோ பேத்தியைப் பற்றிய பெருமைப் பேச்சு என்று நினைக்காதீர்கள். உலகத்தில் பல ஊர்களில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க நகரத் திட்ட அறிஞர் கெவின் லிஞ்ச் 1970களில் யுனெஸ்கோவோடு சேர்ந்து, பல நாட்டுப் பிள்ளைகளிடம் போய், உன் தெருவை வரைந்து காட்டு என்று கேட்டார். 1990களில் அந்த வேலையை மறுபடி எடுத்தவர்கள் பெங்களூரில் சத்யநகர் என்ற ஏழைக் குடியிருப்புக்கும் போனார்கள். தண்ணீர் சரியாக வராத இடம். ஆனால் அங்கே இருந்த பிள்ளைகள் தங்கள் தெருவை நேசித்தார்கள், எல்லாரையும் பெயர் சொல்லி அறிந்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவனுக்குச் சேரி, உள்ளே இருக்கிற பிள்ளைக்கு ஊர். அந்தப் பிள்ளைகளின் யோசனைகளை நிறைவேற்றப் போனபோது பெரியவர்களாலும் அமைப்புகளாலும் எத்தனை தடை வந்தது என்பதையும் அவர்கள் 2001இல் மறைக்காமல் எழுதினார்கள். அந்தப் பகுதியைத்தான் நாம் கவனித்துப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

2014இல் பாஸ்டன் நகரம் பத்து லட்சம் டாலரை ஒதுக்கி, 12 வயதிலிருந்து 25 வயது வரை உள்ளவர்கள் மட்டும் வாக்களித்து அதை எதற்குச் செலவிடலாம் என்று முடிவு செய்யச் சொன்னது. சுமார் 1,500 பேர் வாக்களித்தார்கள். பூங்கா சீரமைப்பு, பள்ளிகளுக்குக் கணினி என்று தேர்ந்தெடுத்தார்கள். யாரும் பணத்தை மிட்டாய்க்குச் செலவழிக்கவில்லை!

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் ஊரிலேயே உண்டு. அறிவியல் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறையில் இருந்த ஜேனட் பிள்ளை அவர்கள் தொடங்கிய ஆர்ட்ஸ் எட் என்ற அமைப்பு, 2000களின் தொடக்கத்திலிருந்து 'அனாக் அனாக் கோத்தா' என்ற பெயரில் பிள்ளைகளை நகரத்துக்குள் கூட்டிவந்தது. நகரத்துப் பிள்ளைகள் என்று அர்த்தம். அவர்கள் பழைய தொழில் செய்கிறவர்களிடம் போய் உட்கார்ந்தார்கள், கேட்டார்கள், வரைந்தார்கள், கடைசியில் தெருவிலேயே நாடகமாக நடித்துக் காட்டினார்கள். பாரம்பரியப் பட்டியலில் ஊர் சேர்வதற்குப் பல வருடம் முன்பே, இங்கே வாழ்கிறவர்கள்தான் பாரம்பரியம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த வேலை அது. இடத்தை எப்படி வரைந்து பதிவு செய்வது என்று அவர் 2013இல் ஒரு கையேடும் எழுதினார். அதே போல், 2012இல் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் மக்கள் பங்கேற்கும் வரவு செலவுத் திட்டத்தைத் தொடங்கியது. ஜாலான் சுங்கை அடுக்குமாடியில் பெண்கள், ஆண்கள், இளையோர், முதியோர் என்று தனித்தனியாக உட்கார வைத்து, எது முதலில் வேண்டும் என்று கேட்டார்கள். தனித்தனியாக என்பதுதான் முக்கியம். ஒரே மண்டபத்தில் எல்லாரையும் உட்கார வைத்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். நான் பேசுவேன்.

ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெஃப் அமைப்புக்காக ஒரு சிறு நூல் எழுதினார். பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாக அதில் காட்டுகிறார். கீழே உள்ள மூன்று படியும் பங்கேற்பே இல்லை என்கிறார். முதல் படி, பெரியவர்கள் நினைத்ததைப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது. இரண்டாவது, அலங்காரம்: ஒரே நிறச் சட்டை போட்டுவிட்டு மேடையில் நிற்க வைப்பது. மூன்றாவது, பெயருக்கு ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் சொன்னதை ஒன்றும் செய்யாமல் விடுவது.

இதைப் படித்தபோது நம் சங்கத்தின் ஆண்டறிக்கைகள் எனக்கு ஞாபகம் வந்தன. 'இளைஞர்களின் சிறந்த ஒத்துழைப்போடு' என்று ஒவ்வொரு வருடமும் எழுதுகிறோம். என்ன ஒத்துழைப்பு? நாற்காலி அடுக்கினார்கள், ஒலிபெருக்கி கட்டினார்கள், நோன்புக் கஞ்சி ஊற்றினார்கள், சட்டை போட்டுக்கொண்டு படத்துக்கு நின்றார்கள். கஞ்சி ஊற்றுவது நல்ல காரியம், நன்மை உண்டு, நானும் ஊற்றியவன். ஆனால் ஐம்பது வருடத்தில் ஒரு தடவை, 'தம்பி, இந்தத் தெரு எப்படி இருக்க வேண்டும்?' என்று அவர்களிடம் கேட்டோமா?

இப்போது வெட்கமான பகுதி. பிள்ளைகளின் அந்தத் தாளைச் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் கடிதத்தோடு அனுப்ப வேண்டும் என்று பேத்தி கேட்டாள். செயலவைக் கூட்டத்தில் வைத்தேன். 'பிள்ளைகள் விளையாட்டாகச் செய்தது, பிறகு பார்ப்போம்' என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், சிவப்பு போட்ட இடத்தில் நம் உறுப்பினர் கடையும் இருக்கிறதே, மனத்தாங்கல் வருமே என்றார். அது நியாயமான கவலைதான். ஆனால் அந்தக் கடைக்காரரிடம் போய்ப் பேசலாம் என்று யாருமே சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தோம். அடுத்த கூட்டம் முழுவதும் பொன்விழா மலருக்கு விளம்பரம் சேர்க்கிற பேச்சில் போய்விட்டது. கருத்துச் சொல்ல வேண்டிய கடைசித் தேதி கடந்துவிட்டது. இந்த இரண்டு கூட்டத்திலும் நானும் உட்கார்ந்திருந்தேன். சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. நாம் அவளை ஹார்ட் சொன்ன மூன்றாவது படியில் நிறுத்தினோம்.

'நன்னா, அனுப்பினீர்களா?' என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. இன்றைக்குக் குடும்ப நாளுக்கு வா என்று கூப்பிட்டேன். 'நாற்காலி அடுக்கவா?' என்று கேட்டுவிட்டு, பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டாள்.

சிலர் கேட்கலாம், நம் பிள்ளைகள்தான் நகரத்துக்குள் இல்லையே, பாயான் பாருவிலும் ரெலாவிலும் இருக்கிறவர்களுக்குச் சூலியா தெருவில் என்ன பேச்சு என்று. நானும் இதை யோசித்தேன். ஜும்ஆவுக்கு எங்கே வருகிறார்கள்? கந்தூரிக்கு எங்கே வருகிறார்கள்? வேலைக்கும், நாசி கண்டாருக்கும், பெருநாள் துணி எடுக்கவும் எங்கே வருகிறார்கள்? நம் கல்யாணத்தில் பாதி அங்கேதான் நடக்கிறது. அதோடு, திரும்பி வந்து குடியிருக்க விரும்புகிற இளம் தம்பதிகள் இருக்கிறார்கள். மாடி வீடு ஒன்று கட்டுப்படியாகிற வாடகைக்குக் கிடைக்குமா என்று என்னிடமே மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அப்படி வீடு இருக்க வேண்டும் என்று திட்டத்தில் யார் எழுதச் சொல்வது? இருக்கிற குடும்பங்களும் குறைந்து, வரப்போகிறவர்களும் பேசாமல் இருந்தால், திட்டம் எழுதுகிறவருக்குத் தெரிவது சுற்றுலாப் பயணியின் நடமாட்டம் மட்டும்தான்.

பெற்றோர்கள் சொல்கிற இன்னொன்று, படிப்பு கெடும் என்பது. எஸ்பிஎம் எழுதுகிற பிள்ளையைக் கூப்பிட வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெருவை அளக்கிற பிள்ளை கணக்குப் படிக்கிறது, கடைக்காரரைப் பேட்டி காண்கிற பிள்ளை தமிழும் மலாயும் படிக்கிறது. ஆட்சேபக் கடிதம் ஒன்றைத் தவறில்லாமல் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு வேலை நேர்காணலில் பயம் இருக்காது.

செயலவையிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. மாநகர் மன்றமோ மாநில அரசோ கருத்துக் கேட்கிற கூட்டம் வைத்தால், நம் சார்பில் போகிற ஐவரில் இரண்டு பேர் இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருக்கட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அவர்கள் எழுதிக் கொடுக்கிற எதையும் இரண்டு வாரத்துக்குள் அனுப்புவோம், அல்லது ஏன் அனுப்பவில்லை என்று அவர்களிடமே உட்கார்ந்து சொல்லுவோம். நம் சங்க விதிப்படி 18 நிரம்பாதவர்களுக்குக் கூட்டத்தில் வாக்கு இல்லை. பேசக்கூடாது என்று விதியில் எங்கும் இல்லை, நேற்று எடுத்துப் பார்த்தேன். பொன்விழா நிதியில் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, அதை எதற்குச் செலவிடுவது என்று பிள்ளைகளையே முடிவு செய்யச் சொல்லுங்கள். கணக்கைப் பொருளாளர் பார்க்கட்டும், முடிவை அவர்கள் எடுக்கட்டும். அந்தப் பணத்தில் நமக்குப் பிடிக்காத எதையாவது செய்வார்கள். செய்யட்டும். நாமும் ஐம்பது வருடத்தில் சிலதைச் செய்திருக்கிறோம்.

சிவப்பு போட்ட இடத்துக் கடைக்காரரிடம் போன வாரம் நானே போய்ப் பேசினேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். தாளைப் பார்த்துவிட்டு, 'என் கடை வாசலா இது?' என்று கேட்டார். மூட்டைகளை உள்ளே தள்ளி வைக்கிறேன் என்றார். அந்தப் படிக்கு ஒரு சாய்தளம் போட அனுமதி வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். பாரம்பரியப் பகுதி என்பதால் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றேன். அந்தக் கடிதத்தை யார் எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

அந்தத் தாள் இன்று இங்கே கொண்டுவந்திருக்கிறேன். மாடிப்படி திரும்புகிற இடத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகிற வழிதான், யாரும் பார்க்காமல் போக முடியாது. பக்கத்தில் நூலில் கட்டிய நான்கு நிறப் பென்சில் தொங்குகிறது. விடுபட்ட இடம் இருந்தால் பிள்ளைகள் குறிக்கட்டும். பெரியவர்கள் பார்க்கலாம், பென்சிலைத் தொட வேண்டாம். அடுத்த ஞாயிறு அசருக்குப் பிறகு அதை எடுத்துக்கொண்டு இதே மண்டபத்தில் உட்காருகிறோம். சாய்தளத்துக்கான கடிதத்தை எழுத வருகிறவர்கள் பெயரை என் பேத்தியிடம் கொடுங்கள். அவளை வரச் சொல்வது என் பொறுப்பு.